பார்த்து வளர்ந்த ஓவியர்களின் கோட்டிலிருந்து என் கோட்டுக்கு எப்படி வருவது?

மன்னை மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கவின்கலைக் கல்லூரி ஒன்றில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சிறுகதைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் வரைவதையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்ற உறுதியோடுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது ஓரிடத்தில் நின்றுபோயிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்களிடம் வழி கேட்க விரும்புவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் தாத்தா, வார இதழ்களில் வந்த தொடர்கதைப் பக்கங்களை வாரம் தவறாமல் பிரித்தெடுத்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே அந்தத் தொகுப்புகளின் படங்கள் எனக்கு மனப்பாடம். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குக் கோபுலு வரைந்த படங்களைப் பார்த்துத்தான் முதன்முதலில் பென்சிலைப் பிடித்தேன். அவர் ஒரு கூட்டத்தை வரைந்தால், அதில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப்போல் இன்னொருவர் உட்கார்ந்திருக்க மாட்டார். துண்டைத் தோளில் போட்டிருப்பவரையும் மடியில் வைத்திருப்பவரையும் பார்த்த மாத்திரத்திலேயே இவர் எப்படிப்பட்டவர், அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். பிளஸ் டூ படிக்கும்போது நூலகத்தில் ஓவியர் ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்கள் கண்ணில் பட்டன. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நெருங்கி, அந்த நெருக்கத்திலிருந்தே ஒரு முதியவரின் உடல் எழுந்து வருவதைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பிறகு இந்த இருவரையும் பார்த்துப் பார்த்து வரைந்தே ஐந்து நோட்டுப் புத்தகங்களை நிரப்பியிருக்கிறேன்.

சென்ற பருவத்தில் வகுப்பில் ஒரு சிறுகதையைக் கொடுத்துப் படம் வரையச் சொன்னார்கள். கடைசிப் பேருந்துக்காகக் காத்திருக்கும் ஒரு பாட்டியின் கதை. பாம்படம் தொங்கும் நீண்ட காதும், கண்டாங்கிச் சேலையும், கையூன்றிய கம்புமாக மூன்று நாள் உட்கார்ந்து வரைந்து கொண்டுபோனேன். ஆசிரியர் வெகுநேரம் பார்த்துவிட்டு, “இந்தப் பாட்டியை நான் இதழ்களில் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். நீ பார்த்த பாட்டி எங்கே?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அவமானமாக இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து என் பாட்டியைப் பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. என் பாட்டி ஒற்றைக்கல் தோடு போட்டிருக்கிறார், நைலக்ஸ் சேலை கட்டுகிறார், சுருக்குப்பைக்குள் வெற்றிலையோடு பட்டன் வைத்த செல்பேசி ஒன்றும் வைத்திருக்கிறார். பாம்படம் போட்ட காதை நான் நேரில் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒன்றை, அதைப் பார்த்தவர் வரைந்ததிலிருந்து எடுத்து, என்னுடையது என்று நினைத்து வரைந்திருக்கிறேன்.

அன்று முதல் இரண்டு மாதங்களாகக் கை ஓடவில்லை. கோடு போட்டவுடன் இது யாருடைய கோடு என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. எனக்குப் பிடித்த ஓவியர்களைப் பார்ப்பதைச் சில காலம் நிறுத்திவிட வேண்டுமா? தொடுபேனாவும் டேப்லெட்டும் கொண்டு வரைந்தால் இந்தப் பழக்கம் விடுபடும் என்று வகுப்புத் தோழிகள் சொல்கிறார்கள்; அது சரியா? அடுத்த ஆண்டு இறுதித் திட்டத்துக்கு ஒரு முழு நூலுக்குப் படம் வரைய வேண்டும். அதற்குள் தினசரிப் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்வது என்று சொல்லுங்கள்.

துத்தநாகத் தகடு எழுதியது:

அம்மா, உங்கள் ஆசிரியர் கேட்ட கேள்வி சரியானது. எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருக்க வேண்டாம். ஓவியர்களைப் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இதுவரை பார்த்ததைவிட இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும். நீங்கள் கோபுலுவின் கோட்டைப் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கோடு என்ன வேலைக்காக அங்கே வந்தது என்று பார்க்கவில்லை. நான் 1970-களின் கடைசியில் வார இதழ் ஒன்றின் பக்க வடிவமைப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். படத்தை உலோகத் தகட்டில் அரித்தெடுத்து அச்சிட்ட பிளாக் காலத்தின் கடைசிக் கட்டத்தைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் இதைப்பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும்.

அப்போது படத்தை அப்படியே அச்சிட முடியாது. ஓவியர் வரைந்து கொடுத்ததைப் புகைப்படம் எடுத்து, ஒளிபட்டால் இறுகும் பூச்சு தடவிய துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் போட்டு அரிப்பார்கள். கோடு இருக்கும் இடம் மேடாக நிற்கும். மற்ற இடம் பள்ளமாகிவிடும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்துகளோடு சேர்த்து முடுக்கி அச்சிடுவார்கள். இதற்கு லைன் பிளாக் என்று பெயர். அதில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. சாம்பல் வேண்டுமென்றால் படத்தைப் புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் பிளாக் எடுக்க வேண்டும். வழவழப்பான ஆர்ட் தாளில் அங்குலத்துக்கு 120 வரிசைக்கு மேல் புள்ளிகளை நெருக்கி வைக்கலாம். இதழ்கள் அச்சான சாதாரண நியூஸ்பிரிண்ட் காகிதத்தில் 65 வரிசைக்கு மேல் போனாலே மை ஊறிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, முகம் கரியாகிவிடும்.

ஆகவே தொடர்கதைக்கு வரைபவர் எல்லாவற்றையும் கோட்டாலேயே சொல்லியாக வேண்டும். இரண்டு கோடுகளை மிக நெருக்கமாகப் போட்டால் இடையில் மை அடைத்துக்கொள்ளும். மிக மெல்லிதாகப் போட்டால் அமிலம் அதைத் தின்றுவிடும். அச்சாகும் அளவைவிட ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ பெரிதாக வரைந்து கொடுப்பார்கள். சுருக்கும்போது கையின் சிறு நடுக்கங்கள் மறைந்து கோடு இறுகி நிற்கும். ரவிக்கையையோ கூந்தலையோ முழுக்கறுப்பாக அடைத்து முகத்தை வெறும் தாளாக விட்டது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். பக்கம் முழுவதும் எழுத்து சாம்பல் பரப்பாகத் தெரியும்போது, புரட்டும் கண் அந்தக் கறுப்பில் ஒரு கணம் நின்று முகத்துக்குப் போக வேண்டும். நீங்கள் ஐந்து நோட்டில் வரைந்து பழகியது, இத்தனை நெருக்கடிக்கு அவர்கள் கண்டுபிடித்த விடையை. அந்த நெருக்கடி உங்களுக்கு இல்லாதபோது விடை மட்டும் வந்து உட்கார்ந்தால் அது இரவல்போல்தான் தெரியும்.

ஒரு பயிற்சி சொல்கிறேன். நீங்கள் பார்த்து வரைந்த படங்களில் ஒன்றை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு கோட்டுத் தொகுதிக்கும் பக்கத்தில் அது ஏன் இருக்கிறது என்று பென்சிலால் எழுதுங்கள். துணியின் கனத்துக்காகவா, வெளிச்சம் வரும் திசைக்காகவா, வெறுமனே நிரப்புவதற்காகவா? பிறகு நீங்களே வரைந்த ஒரு படத்தை ஜெராக்ஸ் கடையில் 67 சதவீதத்துக்குச் சுருக்கி, அதையே மறுபடியும் 67-க்குச் சுருக்கிப் பாருங்கள். எந்தக் கோடுகள் செத்துப்போகின்றன, எவை நிற்கின்றன என்று அந்தச் சிறிய தாள் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குத் தொழில் கற்றுத்தந்தது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1924-இல் தஞ்சாவூரில் பிறந்து 2015-இல் மறைந்த கோபுலு, பிற்காலத்தில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். அரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய கை போய்விட்டது. பார்க்கும் முறை போகவில்லை. உங்கள் கோடு எங்கே என்று விரலில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றியதால் இதை நினைவூட்டுகிறேன். ஆதிமூலமும் அப்படித்தான். 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டிக் கறுப்பு மையில் அத்தனை கோட்டோவியங்களை வரைந்தவர், பின்னாளில் உருவமே இல்லாத வண்ணப் பரப்புகளுக்குப் போனார்; அதே காலத்தில் கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்துகளுக்கும் கோட்டோவியங்கள் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சட்டம் போடவில்லை.

சுண்ணக்கட்டி எழுதியது:

தங்கை, நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. மேலே ஐயா எழுதியதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பார்த்து வரைவதைக் குற்றம்போல் நீங்கள் எண்ணத் தொடங்கியிருக்கிறீர்கள்; அது உங்களுக்குக் கெடுதல் செய்யும். ஓவியர் சில்பியை எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிலைக்கு எதிரே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் வரைந்தார். யாரோ ஒரு சிற்பி செய்துவைத்ததைப் பார்த்து வரைந்ததுதான் அவருடைய வாழ்நாள் பணி. ஆனாலும் அவருடைய படத்தைப் பார்த்தால் சில்பி என்று உடனே சொல்லிவிடலாம். ஏனென்றால் அவர் கல்லைப் பார்த்து வரைந்தார். கல்லைப் பற்றி வேறொருவர் வரைந்த படத்தைப் பார்த்து வரையவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடங்கியபோது அதற்குப் படம் வரைந்த மணியமும், கல்கியோடு இலங்கை வரை போய் இடங்களைப் பார்த்து வந்தவர்தான். நீங்கள் தவறியது அந்த ஒரு படியில்தான் என்று நினைக்கிறேன். கோபுலு பார்த்த பாட்டியை வரைந்தீர்கள். கோபுலு பார்த்ததைப்போல் உங்கள் பாட்டியைப் பார்க்கவில்லை.

மாமல்லபுரத்தில் பெரிய பாறைச் சிற்பத்துக்கு முன்னால் ஒரு முழு நாள் உட்கார முடிந்தால் உட்காருங்கள். எல்லோரும் யானைகளையும், பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே ஒரு மான், பின்னங்கால் குளம்பால் தன் மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் மான் படுத்திருக்கும் இடத்துக்கு அருகில் அசையாமல் காத்திருந்து பார்த்திருந்தாலொழிய அந்த வளைவு கல்லில் வந்திருக்காது. என் மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போனபோது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, “எங்க வீட்டு ஆட்டுக்குட்டியும் இப்படித்தான் டீச்சர் சொறியும்” என்றான். அன்று நான் நடத்தியதில் அவனுக்கு வேறு எதுவும் நினைவிருக்காது, அது போதும்.

தினசரிப் பயிற்சி கேட்டிருந்தீர்கள். நான் செய்துவருவதைச் சொல்கிறேன். பகலில் ஒரு செயலைப் பார்ப்பேன், வரைய மாட்டேன். இரவில் நினைவிலிருந்து வரைவேன். மறுநாள் போய் அதையே மறுபடி பார்த்துத் தவறியதைச் சிவப்புப் பென்சிலால் அதே படத்தின்மேல் திருத்துவேன். எங்கள் பள்ளிக்கு எதிரே பூக் கட்டும் அம்மா ஒருவர் இருக்கிறார். பத்து ஆண்டுகளாக அவரிடம்தான் பூ வாங்குகிறேன். அவர் பூக் கட்டுவதை இரவில் வரைந்தபோது நாரை அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவில் அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால், நனைத்த வாழைநாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு மொக்கு, அந்தப் பக்கம் இரண்டு மொக்கு வைத்து ஒரே சுழற்றில் முடிச்சு விழுகிறது. அதற்காக முதுகு முன்னால் வளைந்து, முழங்கால் உயர்ந்து, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அந்தக் கால்விரலைப் பார்க்காதவரை அந்த முதுகு ஏன் வளைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சிவப்புக் கோடு விழும் இடமெல்லாம், நாம் பார்க்காமலேயே தெரியும் என்று நினைத்திருந்த இடம்.

ஒரு சிறு எச்சரிக்கை. பார்த்து வரைந்தவற்றை உங்கள் படைப்புத் தொகுப்பில் வைப்பதாக இருந்தால், யாருடைய படத்தைப் பார்த்து வரைந்தது என்று அடியில் எழுதிவிடுங்கள். ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. சட்டத்தை விட்டாலும், அது அவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

கோணல் சன்னல் எழுதியது:

நான் சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்து பிழைக்கிறேன். உங்களுடைய இறுதித் திட்டத்தை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் டேப்லெட் கேள்வி. கருவியை மாற்றினால் பழக்கம் விடுபடாது. வேறு இரவல் வந்து சேரும். வரைசெயலிகளில் கை நடுக்கத்தைத் தானாகவே சீராக்கும் அமைப்பு ஒன்று உண்டு. புரோகிரியேட் செயலியில் அதற்கு ஸ்ட்ரீம்லைன் என்று பெயர். அதை உயர்த்தி வைத்தால் எல்லோருடைய கோடும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அதைச் சுழியத்தில் வையுங்கள். அழித்துத் திரும்பும் பொத்தானையும் ஒரு படத்துக்கு ஐந்து முறைக்கு மேல் தொடுவதில்லை என்று உங்களுக்கு நீங்களே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் டேப்லெட் நல்ல கருவிதான். எனக்கு வண்ணத்துக்கு அது இல்லாமல் வேலை ஆகாது. கறுப்புக் கோட்டை மட்டும் இன்றும் தாளில் போட்டு 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்துகொள்கிறேன்.

அடுத்தது, எனக்கு வழிகாட்டியவரைப் பற்றி. மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கட் என்ற ஊரைச் சேர்ந்த, கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம். லண்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் தீட்ட இரண்டு மாதம் போயிருந்தார். அங்கே கண்டதையெல்லாம் வைத்து அவர் வரைந்த நூலை நம் சென்னையில் இருக்கும் தாரா பதிப்பகம் 2004-இல் வெளியிட்டது. அதில் பிக் பென் மணிக்கூண்டு ஒரு சேவலாக இருக்கிறது. அவருடைய ஊரில் நேரத்தைச் சொல்வது சேவல்தான். பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாக இருக்கிறது. தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்து ஒரு நாயாக இருக்கிறது. பரம்பரையாக வந்த கோடும் புள்ளியும் அப்படியே இருக்கின்றன. ஒன்றைக்கூட அவர் விட்டுவிடவில்லை. அதை வைத்துக்கொண்டு தன் முன்னோர் யாரும் பார்த்திராத ஓர் ஊரைப் பார்த்தார். அந்த நூலைப் பார்த்த பிறகுதான், நான் பழகிய கோட்டை எண்ணி வெட்கப்படுவதை நிறுத்தினேன். இன்று எதைப் பார்த்தேன் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளத் தொடங்கினேன்.

நூலுக்கு வருகிறேன். மாணவர்கள் பெரும்பாலும் அழகான முதல் படத்தை முழுமையாக வரைந்துவிட்டுத்தான் இரண்டாவது பக்கத்தை யோசிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். படநூல் பொதுவாக 32 பக்கம். ஒரே தாளில் அச்சிட்டு மடிக்கும் 16 பக்கத் தொகுதி, அதாவது ஃபாரம், இரண்டு. ஒரே தாளில் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாக எல்லாப் பக்கங்களையும் கிறுக்கிப் பாருங்கள். ஐந்தாம் கட்டமும் ஆறாம் கட்டமும் ஒரே தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் இருந்தால் கதை அங்கே நின்றுவிட்டது என்று பொருள். பிறகு சாதாரணத் தாளை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்து, பென்சில் படங்களோடு ஒரு மாதிரி நூல் செய்து, தெருவில் இருக்கும் ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். எந்தப் பக்கத்தை இரண்டு பக்கமாகச் சேர்த்துப் புரட்டுகிறதோ அந்தப் பக்கத்தைத் திருத்த வேண்டும். இதைவிட நேர்மையான மதிப்பீட்டை எந்த நடுவர் குழுவிடமும் நான் பெற்றதில்லை.

எழுத்து சொன்னதையே படமும் சொல்லக்கூடாது. உங்கள் கதையில் “பாட்டி கடைசிப் பேருந்துக்காகக் காத்திருந்தாள்” என்று ஒரு வரி இருந்தால், பாட்டியையும் பேருந்து நிறுத்தத்தையும் வரைவது அந்த வரியை இரண்டாம் முறை எழுதுவதுதான். அவர் செருப்பைக் கழற்றி அதன்மேல் காலை வைத்திருக்கிறாரா? பையைத் தரையில் வைக்க மனமில்லாமல் மடியிலேயே பிடித்திருக்கிறாரா? மூடிய டீக்கடையின் பெஞ்சில் எந்த முனையில் உட்கார்ந்திருக்கிறார்? கதாசிரியர் சொல்லாமல் விட்ட இந்த இடம்தான் நமக்கு விடப்பட்ட இடம். பாம்படத்தை எடுத்துவிட்டுச் செல்பேசியை வரைந்தால் மட்டும் அந்தப் பாட்டி உங்கள் பாட்டியாகிவிட மாட்டார். மணி என்ன என்று பார்க்க அவர் அந்தச் செல்பேசியை முகத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிப்பார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மன்னை மாணவி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

துத்தநாகத் தகடு ஐயா சொன்னபடி பாட்டியின் படத்தை இரண்டு முறை சுருக்கினேன். சேலையில் நான் போட்டிருந்த குறுக்குக் கோடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு கறுப்புத் திட்டாகிவிட்டன. அவற்றுக்குப் பக்கத்தில் காரணம் எழுத முயன்றபோது பாதிக்கு மேல் எனக்குக் காரணமே தெரியவில்லை. மாறாக, கம்பைப் பிடித்திருந்த கைவிரல்களில் அவசரத்தில் போட்ட நான்கு கோடுகள் அந்தச் சிறிய அளவிலும் அப்படியே நின்றன.

பிறகு இரவில் நினைவிலிருந்தும் காலையில் பார்த்தும் பாட்டியை வரைந்தேன். கோணல் சன்னல் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துகொண்டேன். பாட்டி செல்பேசியைக் கை நீட்டும் தூரத்துக்குக் கொண்டுபோய், தலையையும் பின்னால் இழுத்துக்கொண்டு பார்க்கிறார். பிறகு அதை நம்பாமல் யாரிடமாவது மணி கேட்கிறார். உட்காருவதையும் நான் தவறாகத்தான் வரைந்திருந்தேன். நாற்காலியில் இரண்டு காலையும் தொங்கவிட்டிருப்பதாக நினைத்திருந்தேன். இடது முழங்கால் வலிக்காக அதை நீட்டியபடி விட்டு, வலது காலை மட்டும் நாற்காலியின்மேல் மடித்து வைத்துக்கொள்கிறார். அதனால் உடம்பின் கனம் முழுவதும் ஒரு பக்கம் இறங்கி, சுருக்குப்பை எப்போதும் அந்தப் பக்கம் தொங்குகிறது. அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு விரிசல் விட்டதைத் தாத்தா செம்புக் கம்பியால் தைத்து வைத்திருக்கிறார். தாத்தா போய் ஆறு ஆண்டுகளாகிவிட்டன. அந்தத் தையலை நான் தினமும் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். பாட்டி அதில் முதுகு படாமல் சற்று முன்னால் தள்ளி உட்காருவதை நேற்றுதான் கவனித்தேன். கம்பி குத்துவதாலா, வேறு காரணமா என்று கேட்கவில்லை.

அந்த நாற்காலியை மட்டும் பதினான்கு முறை வரைந்திருக்கிறேன். இது யாருடைய கோடு என்ற கேள்வி அப்போது வரவில்லை. அது எப்போது நின்றது என்றும் தெரியவில்லை. ஆசிரியரிடம் இன்னும் காட்டவில்லை. இறுதித் திட்டத்துக்கு அந்த நாற்காலியிலிருந்து ஒரு கதையை நானே எழுதலாமா என்று யோசித்து, 32 கட்டங்களில் பதினொன்று வரை கிறுக்கியிருக்கிறேன். பன்னிரண்டாவதில் கதை நின்றுவிடுகிறது.

ஒரு சிறு உதவி வேண்டும். கல்லூரி அருகே கிடைக்கும் கார்ட்ரிட்ஜ் தாளில் நிப்பால் வரைந்தால், செம்புக் கம்பியின் சிறு கண்ணிகளை வரையும்போது தாளின் நார் நிப்பில் மாட்டி மை பரவிவிடுகிறது. என்ன செய்வது?

துத்தநாகத் தகடு எழுதியது:

ஐவரி போர்டு என்று கேட்டு வாங்குங்கள், அம்மா. மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் நிப் மாட்டாது. நல்ல தாளைவிட விலையும் குறைவு. புதிய நிப்பில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு மையில் தோயுங்கள். இந்தியன் மையில் அரக்குக் கலந்திருப்பதால் அது காய்ந்து இறுகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிப்பைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். ஊற்றுப் பேனாவில் அந்த மையை எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். கம்பிக் கண்ணிகளை அச்சாகும் அளவைவிட இரண்டு மடங்கு பெரிதாக வரையுங்கள். பதினொரு கட்டங்களையும் இங்கே போடுங்கள். பன்னிரண்டாவதை எல்லோருமாகச் சேர்ந்து பார்க்கலாம்.